பலகை விளையாட்டு வடிவமைப்புக்காக வேலையை விட்டுவிடலாமா?

மரக்காய்:

வணக்கம். நான் ஒன்பது ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடந்த மூன்றரை ஆண்டுகளாக மாலை நேரங்களிலும் வார இறுதிகளிலும் ஒரு பலகை விளையாட்டை உருவாக்கி வருகிறேன். ஆற்றின் போக்கை மாற்றித் தத்தம் நிலங்களுக்கு நீர் கொண்டுபோவதுதான் ஆட்டத்தின் கரு. இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இதுவரை ஏறத்தாழ அறுபது தடவை ஆடிப் பார்த்துவிட்டோம். ஆடியவர்களில் பெரும்பாலோர் என் நண்பர்கள். அவர்களில் பலர் மறுபடியும் ஆடலாமா என்று தாங்களாகவே கேட்டிருக்கிறார்கள்.

கையில் ஓராண்டுச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, அந்த ஓராண்டுக்குள் இந்த விளையாட்டை முடித்து ஒரு பதிப்பாளரிடம் சேர்த்து, இரண்டாவது விளையாட்டையும் தொடங்கிவிட வேண்டும் என்பது என் திட்டம். இதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள், எந்தக் கட்டத்தில் பழைய வேலையை விட்டார்கள் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொரு தயக்கமும் உண்டு. முன்மாதிரியைப் பதிப்பாளர்களிடம் காட்டினால் யோசனையை யாராவது எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். முதலில் காப்புரிமை வாங்கிவிட வேண்டுமா?

பழைய பெட்டி:

இப்போது விடாதீர்கள் என்பதுதான் என் பதில். பதினாறு ஆண்டுகளில் நான்கு விளையாட்டுகள் வெளிவந்த பிறகும் மாதச் சம்பளத்தில் இருக்கிறவன் என்ற முறையில் அதற்கான கணக்கைச் சொல்கிறேன்.

கடையில் உங்கள் பெட்டியின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கும் மொத்த விநியோகஸ்தருக்கும் போக, பதிப்பாளர் கைக்கு ஏறக்குறைய 40 வந்து சேரும். அச்சு, கப்பல் கூலி, ஓவியருக்கான தொகை, கிடங்கு வாடகை எல்லாம் அந்த நாற்பதுக்குள்தான் அடங்க வேண்டும். வடிவமைப்பாளருக்கு உரிமத்தொகையாகப் பெரும்பாலும் பதிப்பாளர் பெறும் தொகையில் 5 முதல் 8 விழுக்காடு வரை கொடுப்பார்கள். முதல் விளையாட்டு என்றால் அதற்கும் கீழே பேசுகிறவர்கள் உண்டு. 6 விழுக்காடு என்று கொண்டால் ஒரு பெட்டிக்கு உங்களுக்கு 2.40 வரும். முதல் அச்சில் 3000 பெட்டிகள் போட்டு அத்தனையும் விற்றுத் தீர்ந்தால் உங்களுக்குக் கிடைப்பது 7200, அதாவது உங்கள் விளையாட்டின் 72 பெட்டிகளைக் கடையில் வாங்க ஆகும் பணம். மூன்றரை ஆண்டு உழைப்புக்கு அதுதான் கூலி. எத்தனையோ விளையாட்டுகள் இரண்டாவது அச்சைக் காண்பதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பணமும் உடனே வராது. ஒரு பதிப்பாளர் முன்மாதிரியை வாங்கி வைத்துத் தம் குழுவோடு ஆடிப் பார்த்து முடிவு சொல்ல மாதக்கணக்கில் ஆகும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பெட்டி கடைக்கு வர ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுகள் வரை பிடிக்கும். உரிமத்தொகைக் கணக்கு பெரும்பாலும் அரையாண்டுக்கு ஒருமுறை, அதுவும் அந்த அரையாண்டு முடிந்து சில வாரங்கள் கழித்து வரும். ஆக, இன்றைக்கே ஒருவர் உங்கள் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், முன்பணமாக வரும் சிறு தொகையைத் தவிர, உங்கள் ஓராண்டுச் சேமிப்பு கரையும்வரை ஒன்றும் வந்து சேராது.

பெரியவர்கள் எப்போது விட்டார்கள் என்று கேட்டீர்கள். உலகெங்கும் ஆடப்படும் கட்டான் என்ற பலகை விளையாட்டை உருவாக்கிய கிளாவுஸ் டொய்பர் ஜெர்மனியில் பல் தொழில்நுட்பக்கூடம் நடத்தி வந்தவர். கிரீடமும் செயற்கைப் பல்லும் செய்துகொடுக்கும் தொழில். 1988-இல் அவருடைய முதல் விளையாட்டான பார்பரோசா, களிமண்ணில் உருவம் பிடித்து மற்றவர்களை ஊகிக்க வைக்கும் ஆட்டம், ஜெர்மனியின் ‘ஆண்டின் விளையாட்டு’ விருதைப் பெற்றது. 1990-இலும் 1991-இலும் வேறு இரண்டு விளையாட்டுகளுக்கு அதே விருது கிடைத்தது. 1995-இல் கட்டானுக்காக நான்காவது முறையும் பெற்றார். இந்தத் துறையின் மிகப் பெரிய விருதை மூன்று முறை வாங்கிய மனிதர் அப்போதும் பகலில் பல் செய்துகொண்டிருந்தார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கட்டான் வெளிவந்து சில ஆண்டுகள் கழித்து, 1990களின் இறுதியில்தான் அந்தத் தொழிலை விட்டார். பாண்டமிக் என்ற பலகை விளையாட்டை உருவாக்கிய மாட் லீகாக்கின் கதையும் இப்படித்தான். அந்த விளையாட்டு 2008-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய பிறகும், 2014 வரை மென்பொருள் நிறுவனங்களில் பயனர் அனுபவ வடிவமைப்பாளராக இருந்துவிட்டுத்தான் முழுநேரத்துக்கு வந்தார்.

திருட்டைப் பற்றிய அச்சத்தை விட்டுவிடுங்கள். ஆட்டமுறைக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய விதிநூலுக்கும் வரைந்த ஓவியத்துக்கும்தான் உண்டு. காப்புரிமை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். சேகரிப்புச் சீட்டாட்டமான மேஜிக் தொடர்பாக அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு பெயரில் 1997-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் பின்னால் ஏற்கெனவே பெரிய அளவில் விற்றுக்கொண்டிருந்த விளையாட்டும் செலவழிக்க ஒரு நிறுவனமும் இருந்தன. உங்களுக்கும் எனக்கும் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. பதிப்பாளர் மேசையில் யோசனைகள் குவிந்து கிடக்கின்றன. அவருக்கு வேண்டியது முடித்துத் தரப்பட்ட விளையாட்டு. யோசனையை வெளியே சொல்லமாட்டேன் என்ற ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் காட்டுவேன் என்று தொடங்குகிறவரைப் பார்த்தால் பலர் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள்.

அறுகோணம்:

பழைய பெட்டி சொன்ன கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் திருட்டைப் பற்றிய அச்சத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. யோசனை திருடப்படுவது அரிதுதான்; பெயர் காணாமற்போவது அவ்வளவு அரிதாக இருந்ததில்லை.

அமெரிக்காவில் எலிசபெத் மகி என்ற பெண்மணி, நில உரிமை ஒருசிலர் கையில் குவிவதன் தீமையை விளக்குவதற்காக ஒரு விளையாட்டை உருவாக்கி, 1904-இல் காப்புரிமை பெற்றார். வாடகை வசூலிக்கும் நிலங்கள், சுற்றிச் சுற்றி வரும் பாதை, மூலையில் சிறை எல்லாம் அதில் இருந்தன. அது கைப்படச் செய்த பலகைகளாக ஊர் ஊராகப் பரவியது. ஆடியவர்கள் தங்கள் ஊர்த் தெருக்களின் பெயர்களை எழுதிக்கொண்டார்கள். அப்படி வந்த ஒரு வடிவத்தை சார்லஸ் டாரோ என்பவர் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். மோனோபொலி என்ற பெயரில் அது பெரும் வெற்றி பெற்றது; டாரோ செல்வந்தர் ஆனார். 1935-இல் மகியின் காப்புரிமையை நிறுவனம் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. உரிமத்தொகை ஒரு காசும் மகிக்கு இல்லை. 1970களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தம் விளையாட்டின் பெயருக்காக நடத்திய வழக்கின்போதுதான் இந்தப் பழைய கதை பொதுவெளிக்கு வந்தது. காப்புரிமை கையில் இருந்தும் நடந்தது இது என்பதால், காப்புரிமை வாங்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே ஒருவகையில் விடை.

பெயரைக் காத்தது ஒப்பந்தமும் ஒற்றுமையும்தான். 1988-இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது பதின்மூன்று வடிவமைப்பாளர்கள் கூடி, பெட்டியின் மேல் வடிவமைப்பாளரின் பெயரை அச்சிடாத பதிப்பாளருக்கு விளையாட்டைக் கொடுப்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள். அதை எழுதிக் கையெழுத்திட்ட காகிதம், பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டை! 1991-இல் விளையாட்டு ஆசிரியர்களுக்கென்று ஜெர்மனியில் சங்கமும் தொடங்கப்பட்டது. ஜெர்மனியில் அவர்களை ஆசிரியர் என்றுதான் அழைக்கிறார்கள், நூலாசிரியரைச் சொல்வதுபோல. இன்று பெட்டியின் முகப்பில் பெயர் இருப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோமே, அதற்குப் பின்னால் அந்த அட்டை இருக்கிறது.

முழுநேரமாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நாள் எப்படிப்பட்டது என்பதைப் பார்த்துவிட்டு, அந்த நாள் உங்களுக்கு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். ரைனர் க்னிட்சியா கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வங்கித் துறையில் இருந்துவிட்டு, 1997-இல் முழுநேர வடிவமைப்பாளர் ஆனார். இதுவரை அவருடைய விளையாட்டுகள் எழுநூறுக்கும் மேல் வெளிவந்திருக்கின்றன. அந்த எண்ணிக்கையில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. ஒரு பெட்டி நன்றாக ஓடும், பத்துப் பெட்டிகள் ஓரளவு ஓடும், மற்றவை நின்றுவிடும். எது ஓடும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரே நேரத்தில் பல விளையாட்டுகள் வெவ்வேறு நிலைகளில் இருக்க வேண்டும். ஒன்று தாளில், ஒன்று சோதனை மேசையில், இரண்டு மூன்று பதிப்பாளர்களின் அலமாரிகளில், ஒன்று அச்சகத்தில். வொல்ஃப்காங் கிராமருடைய முதல் விளையாட்டு 1974-இல் வந்தது. அவர் நிறுவன வேலையை விட்டு முழுநேரத்துக்கு வந்தது 1989-இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் விருதுகளும் வந்தன. பலகையின் ஓரத்தைச் சுற்றி எண்களை அச்சிட்டு மதிப்பெண்ணைக் காயால் குறிக்கும் பாதையும் வந்தது. அதை இன்றும் ஜெர்மனியில் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். உங்களிடம் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒன்றை மூன்றரை ஆண்டு செதுக்குகிறவரின் மனநிலை வேறு, ஏழெட்டை ஒரே நேரத்தில் வளர்த்து அவற்றில் ஐந்தைக் கைவிடுகிறவரின் மனநிலை வேறு.

வாங்க விரும்பும் பலரிடம் முன்கூட்டியே பணம் பெற்று, அதாவது திரள்நிதி திரட்டித் தாமே வெளியிடுவது இன்னொரு வழி. ஒரு பெட்டிக்குக் கிடைக்கும் பங்கு கூடும். ஆனால் அதன்பின் நீங்கள் வடிவமைப்பாளர் அல்லர், அச்சகம், கப்பல், சுங்கம், உடைந்த பெட்டிக்கு மாற்று என்று ஓடுகிற வணிகர். அதில் மகிழ்ச்சி காண்கிறவர்களையும் அறிவேன். எனக்கு ஒரு தடவை போதும் என்றாகிவிட்டது.

விதிநூல்:

நான் வடிவமைப்பாளன் அல்லன். மற்றவர்களின் விதிநூல்களைத் திருத்துவதும் சோதனை ஆட்டங்களை நடத்துவதும் என் பகுதிநேர வேலை. மேலே இருவரும் பணத்தையும் பெயரையும் பேசிவிட்டார்கள். என் கண்ணில் பட்டது உங்கள் கேள்வியில் இருந்த ஒரு சொல்: நண்பர்கள்.

உங்கள் அறுபது ஆட்டங்களிலும் நீங்கள் மேசையில் இருந்தீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் விதிநூல் இன்னும் ஒருமுறைகூடச் சோதிக்கப்படவில்லை. யாராவது தயங்கும்போதெல்லாம் ‘இல்லை, முதலில் ஓடையை வையுங்கள்’ என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள்; அந்தக் குரல் பெட்டிக்குள் போகாது. உங்களை அறியாத நான்கு பேரிடம் மூடிய பெட்டியைக் கொடுத்துவிட்டு, நீங்கள் ஓரமாக உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்கும் சோதனை ஒன்று உண்டு. துறையில் இதைக் குருட்டுச் சோதனை என்கிறார்கள். இதைவிடக் கொடுமையான இரண்டு மணி நேரம் ஒரு வடிவமைப்பாளருக்கு வாய்க்காது.

அண்மையில் நான் நடத்திய ஒன்றைச் சொல்கிறேன். ஆட்டம் எல்லோரும் பாராட்டியது; வடிவமைப்பாளரும் நம்பிக்கையோடு வந்திருந்தார். பெட்டியைத் திறந்தவர்கள் முதல் பக்கத்தைப் படித்து, காய்களைப் பிரித்து அடுக்கி, பலகையை விரித்தார்கள். பிறகு நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் ஆட வேண்டும் என்று விதிநூலில் எங்குமே இல்லை. வடிவமைப்பாளர் தம் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது சிறு குறை. ஒரு வரியில் தீர்ந்துவிடும். பெரிய குறையை யாரும் வாயால் சொல்லவில்லை. ஆட்டம் தொடங்கி அரை மணி கழிந்ததும் மூன்றாவது இடத்தில் இருந்த பெண் தம் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டத் தொடங்கினார். கோபுரம் பதினொரு கட்டை உயரத்துக்கு வந்தபோதுதான் அவருடைய முறை வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிடம். முடிவில் கருத்துத் தாளில் அவர் ‘நன்றாக இருந்தது’ என்று எழுதிக்கொடுத்தார். நாங்கள் தாளை ஒதுக்கிவிட்டுக் கோபுரத்தைத்தான் குறித்துக்கொண்டோம். வடிவமைப்பாளர் வீட்டுக்குப் போய், எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைக் கவிழ்த்து வைத்துப் பிறகு திறக்கும்படி ஆட்டத்தை மாற்றினார். அதனால் அவருக்கு மிகவும் பிடித்திருந்த ஏலப் பகுதியை முழுவதுமாக வெட்டி எறிய வேண்டியிருந்தது.

வெட்டுவது இந்தத் தொழிலில் பாதி. கட்டானேகூடத் தொடக்கத்தில் இன்னும் பெரிய யோசனையாக இருந்தது. அதிலிருந்து பிரிந்த பகுதிகள் பின்னர் தனி விளையாட்டுகளாக வந்தன. எஞ்சியதில் எவ்வளவு நுட்பமான வேலை இருக்கிறது என்பதை அதன் நிலங்களின் மேல் வைக்கும் எண்வில்லைகளில் பார்க்கலாம்; பகடையில் அந்த எண் விழுந்தால் அந்த நிலம் விளைச்சல் தரும். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 6 வருவதற்கும் 8 வருவதற்கும் தனித்தனியே 36-க்கு 5 வாய்ப்பு. 2-க்கும் 12-க்கும் தனித்தனியே ஒன்றே ஒன்று. வில்லையில் எண்ணுக்குக் கீழே அத்தனை புள்ளிகள் அச்சாகியிருக்கும். 6-க்கும் 8-க்கும் சிவப்பு நிறம். நிகழ்தகவு என்ற சொல்லையே கேள்விப்படாத ஒருவரும் புள்ளிகளை எண்ணி நல்ல நிலத்தைத் தேர்ந்துவிடுவார். விதிநூலில் ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டியதை ஐந்து புள்ளிகளில் முடித்திருக்கிறார்கள். ஆல்ஃபிரட் பட்ஸ் வேலையிழந்த கட்டடக்கலைஞராக இருந்தபோது நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணித்தான், பின்னாளில் ஸ்க்ராபிள் ஆன விளையாட்டில் எந்த எழுத்து எத்தனை இருக்க வேண்டும் என்று வகுத்தார். ‘எஸ்’ எழுத்தை மட்டும் நான்கோடு நிறுத்தினார்; இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் பன்மை செய்தே எல்லோரும் புள்ளி எடுத்துவிடுவார்கள். உங்கள் ஆற்று விளையாட்டில் அப்படி எண்ண வேண்டியது என்ன என்று பாருங்கள். மென்பொருள் சோதனையில் ஒன்பது ஆண்டு இருந்தவருக்கு இது புதிதாக இராது; பிழையை அறிக்கையாக எழுதும் பழக்கம் எங்களிடம் வரும் பலரிடம் இல்லாத சொத்து.

‘மறுபடியும் ஆடலாமா’ என்று நண்பர்கள் கேட்டது நல்ல அறிகுறிதான். அதை மறுக்க மாட்டேன். அதே கேள்வியை உங்களை அறியாதவர்கள் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சேமிப்பில் கைவையுங்கள்.

மரக்காய்:

மூவருக்கும் நன்றி. 72 பெட்டிக் கணக்கைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். வேலையை விடும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவைத்து, வாரத்தில் நான்கு நாள் வேலைக்கு ஒப்புக்கொள்வார்களா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். ஐந்தாம் நாளைச் சோதனைக்கு வைத்துக்கொள்வேன்.

விதிநூல் சொன்னபடி, அறிமுகமில்லாத நால்வரிடம் பெட்டியைக் கொடுத்தும் பார்த்துவிட்டேன். நீர் பாயும் திசையைக் குறிக்கும் அம்பை நால்வரும் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நிலத்திலிருந்து மலைக்கு நீரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றைச் சொல்ல வேண்டும்: தலைகீழாக ஆடியபோது ஆட்டம் ஒரு இடத்தில் இன்னும் விறுவிறுப்பாக இருந்தது. அதை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஒப்பந்தம் பற்றி ஒரே கேள்வி. பதிப்பாளர் மறு அச்சுப் போடாமல் விட்டுவிட்டால் உரிமை எப்போது திரும்பி வரும்?

பழைய பெட்டி:

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் வரும், எழுதாவிட்டால் வராது. விளையாட்டு விற்பனையில் இல்லாமல் பன்னிரண்டு அல்லது பதினெட்டு மாதங்கள் கடந்தால் எல்லா உரிமைகளும் தாமாகவே வடிவமைப்பாளருக்குத் திரும்பும் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட நாளிலிருந்து இத்தனை மாதங்களுக்குள் வெளியிடாவிட்டாலும் திரும்ப வேண்டும் என்பதைத் தனி விதியாகச் சேருங்கள். மொழிபெயர்ப்புப் பதிப்பு, கணினி வடிவம், கூடுதல் தொகுப்பு ஆகியவற்றில் உங்கள் பங்கு என்ன என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ‘விற்பனையில் இருக்கிறது’ என்ற சொல்லுக்குப் பொருள் வரையறுப்பது. ஆண்டுக்குக் குறைந்தது இத்தனை பெட்டிகள் விற்க வேண்டும் என்று எண்ணால் எழுதுங்கள். என்னுடைய மூன்றாவது விளையாட்டில் அந்த எண் இல்லை. பதிப்பாளரின் கிடங்கில் நாற்பது பெட்டிகள் மிச்சம் இருந்தன. அவை இருக்கும்வரை விளையாட்டு விற்பனையில்தான் இருக்கிறது என்று நான்கு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆறு பெட்டிகளை நானே பணம் கொடுத்து வாங்கித் தீர்த்த பிறகுதான் உரிமை என் கைக்கு வந்தது. அந்த ஆறுக்கும் உரிமத்தொகைக் கணக்கு அனுப்பியிருந்தார்கள்.